தொழில் முதலும் நிதானமான வளர்ச்சியும்

(புதிய தொழில் தொடங்க விரும்பும் நம் ஜமாஅத் இளைஞர்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தொழிலைப் பற்றிப் பேச ஆலிம் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். மத்ரஸாவில் நாம் ஓதிய கிதாபுகளில் வணக்கங்களின் பாடங்களைப் போன்றே கொடுக்கல் வாங்கலின் பாடங்களும் பல நூறு பக்கங்களுக்கு விரிந்து கிடக்கின்றன. ஓதிய நாளில் அவை நமக்கு வறட்டுப் பாடங்களாகத் தோன்றியதுண்டு. இன்றோ, நம்மைச் சந்திக்க வருவோரில் பலர் கேட்பது அந்தப் பக்கங்களில் உள்ளவற்றைத்தான்.

இரண்டு வகையினர் வருகின்றனர். ஒருவர் இளைஞர். ‘ஹஜ்ரத், நம் நிறுவனத்திற்கு முதலீட்டாளர் ஒருவர் பணம் தர முன்வந்துள்ளார், வாங்கலாமா?’ என்று கேட்கிறார். மற்றவர் பெரியவர். ‘மருமகன் ஸ்டார்ட் அப் என்று ஏதோ தொடங்குகிறார், இருபது வருடம் சவூதியில் சேர்த்ததைக் கொடுக்கலாமா?’ என்று கேட்கிறார். இவ்விரு கேள்விகளும் உண்மையில் ஒன்றே. பணம் வருகிறது, அது பதிலுக்கு என்ன கேட்கிறது? இதனை அறிந்த பின்னரே பணத்தைத் தொட வேண்டும் என்பதே இன்று நாம் சொல்ல வந்தது. நம் ஊர்களில் தொழிலுக்கு வரும் முதல் பெரும்பாலும் பெண் மக்களின் நகையும், வெளிநாட்டுச் சேமிப்பும், திருமணத்திற்கென ஒதுக்கிய தொகையுமே ஆகும். அது கரைந்தால் கரைவது பணம் மட்டுமன்று. சம்பந்தி வீட்டு வாசற்படியும் அடைபட்டு விடுகிறது.

நபித்தோழர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் வரலாற்றை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். மக்காவில் அனைத்தையும் விட்டுவிட்டு மதீனா வந்தவரிடம், ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர் அதற்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார். பனூ கைனுகா கடைவீதியில் நெய்யும் பாலாடைக் கட்டியும் வாங்கி விற்றுத் தொடங்கி, பின்னாளில் பெருஞ்செல்வர் ஆனார். சொற்பொழிவாளர்கள் இதனைத் தன்மானத்திற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர், அதுவும் சரியே. ஆயினும் வணிகர்கள் கவனிக்க வேண்டியது அந்த நெய்யை. விரைவில் விற்றுப் போகும் பொருள், சிறிய முதல், அன்றாடம் கைக்குத் திரும்பும் பணம். முதலாளியைத் தேடுவதற்கு முன் அவர் வாங்குபவரைத் தேடினார்.

இக்காலத்து இளைஞர்கள் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி விடுகின்றனர். ஒரு கணக்கைப் பாருங்கள். இது உதாரணத்திற்காக நாம் அமைத்துக் கொண்டது. மீனும் இறைச்சியும் செல்போன் ஆப் வழியாக ஆர்டர் எடுத்து வீட்டுக்குக் கொண்டு தரும் தொழில். சராசரி ஆர்டர் 600 ரூபாய். கொள்முதல் 450, வெட்டிச் சுத்தம் செய்து பொதிய 30, கொண்டு சேர்க்கும் பையனுக்கு 60, கெட்டுப் போவதும் பணப் பரிமாற்றக் கட்டணமும் 25, வாடிக்கையாளரை இழுக்கத் தரும் தள்ளுபடி 75. கூட்டினால் 640. ஓர் ஆர்டருக்கு 40 ரூபாய் நட்டம். நாளொன்றுக்கு 100 ஆர்டர் என்றால் மாதம் 1,20,000 ரூபாய் போகிறது. இளைஞர் சொல்வார்: ‘இன்னும் பெரிதாக வளர்ந்தால் சரியாகிவிடும்.’ ஆயிரம் ஆர்டராக வளர்ந்தால் மாதம் 12 இலட்சம் போகும். ஒவ்வொன்றிலும் குறைவதைப் பத்து மடங்காக்கினால் குறைவும் பத்து மடங்காகும்; நம் மக்தப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பெருக்கல் இது. மொத்தக் கொள்முதலில் விலை சற்றுக் குறையலாம், ஒரே தெருவில் பல ஆர்டர்கள் சேர்ந்தால் வண்டிச் செலவும் குறையலாம். ஆனால் எவ்வளவு குறையும் என்பதை ஒரு தெருவில், ஒரு பேட்டையில் செய்து பார்த்து எழுதி வைத்திருக்க வேண்டும். வளர்ந்தால் குறையும் என்று நம்பிக் கொண்டிருத்தல் கணக்காகாது.

தள்ளுபடியை நீக்கிவிட்டால் செலவு 565. ஓர் ஆர்டருக்கு 35 ரூபாய் மிஞ்சுகிறது. அப்போது எத்தனை பேர் வாங்குகின்றனர் என்று பாருங்கள். அவர்களே உங்கள் உண்மையான வாடிக்கையாளர்கள். மற்றவர்கள் உங்கள் மாமனாரின் பணத்தில் மலிவாக மீன் சாப்பிட வந்தவர்கள். கடை வாடகை, சம்பளம், ஆப் பராமரிப்பு எல்லாம் சேர்ந்து மாதம் 1,40,000 ரூபாய் என்றால், 35 ரூபாய் வீதம் 4,000 ஆர்டர் வேண்டும்; அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 133. அந்த 133ஐத் தள்ளுபடியின்றி எட்டும் வரை இரண்டாவது கிளையைப் பற்றிப் பேசாதிருப்பது நல்லது.

இவ்வாறு பேசாமல் இருக்க முடியாத ஒரு நிறுவனம் அமெரிக்காவில் இருந்தது. வெப்வான் என்று பெயர். மளிகைப் பொருட்களை வீட்டுக்கே கொண்டு தருவது தொழில். 1999 ஜூனில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் விநியோகத்தைத் தொடங்கியது. அடுத்த மாதமே, 26 இடங்களில் இயந்திரமயமான கிடங்குகள் கட்டுவதற்கு பெக்டெல் கட்டுமான நிறுவனத்துடன் ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. முதற்கிடங்கு தன் செலவை ஈட்டுமா என்பதே அப்போது எவருக்கும் தெரியாது. அவ்வாண்டு நவம்பரில் பங்குச் சந்தையில் பணம் திரட்டியது. 2001 ஜூலையில் மூடப்பட்டது. ஏறத்தாழ 2,000 பேர் வேலையிழந்தனர். வீட்டுக்கு மளிகை கொண்டு தரும் எண்ணம் தவறானதன்று. இன்று அது உலகெங்கும் நடக்கிறது. கையில் பணம் இருந்தது என்ற ஒரே காரணத்தால், ஒன்றைச் சரிபார்க்கும் முன் இருபத்தாறைக் கட்டப் புறப்பட்டதுதான் அந்நிறுவனத்தைச் சாய்த்தது.

மாதந்தோறும் கையிருப்பில் குறையும் தொகையை இளைஞர்கள் ‘பர்ன் ரேட்’ என்று கூறுகின்றனர். எரித்தல் என்று பொருளாம். பெயர் வைத்தவர் நேர்மையானவர் போலும்! இன்றைய கையிருப்பை அந்தத் தொகையால் வகுத்தால் இன்னும் எத்தனை மாதம் தொழில் உயிரோடு இருக்கும் என்பது தெரிந்துவிடும். இந்த ஓர் எண்ணை ஒவ்வொரு மாத முதல் நாளிலும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

இலாபத்தில் நடக்கும் தொழிலும் பணமின்றி மூச்சுத் திணறுவதுண்டு. கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் தோல், ஆயத்த ஆடைத் தொழில்களில் இருப்போர் இதனை நன்கறிவர். மாதம் 4 இலட்சம் செலவில் சரக்குச் செய்து 5 இலட்சத்திற்கு விற்கிறீர்கள். வாங்குபவர் 90 நாள் கழித்துத் தருகிறார். எந்நேரமும் உங்கள் 12 இலட்சம் அவரிடம் நிற்கும். வியாபாரம் இரு மடங்கானால் 24 இலட்சம் நிற்கும். ஏட்டில் இலாபம் கூடும், பெட்டியில் பணம் இராது. அந்த நேரத்தில்தான் கந்துவட்டிக்காரரின் நினைவு வருகிறது. எனவே பெரிய ஆர்டர் வந்தால் மகிழ்வதற்கு முன் முன்பணம் எவ்வளவு, மீதி எந்தத் தேதியில் என்று கேளுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. உத்யம் பதிவு செய்யாதவர்கள் இந்தப் பாதுகாப்பை வீணே இழக்கின்றனர். தாமதித்தால் வட்டியும் சேர்த்துத் தர வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. அந்த வட்டி நமக்கு வேண்டாம், நம் அசலைத் தேதியில் வாங்க அச்சட்டம் போதும்.

இனி, முதலீட்டாளரின் பணத்திற்கு வருவோம். வெஞ்சர் கேப்பிட்டல் எனப்படும் நிதிகள் பெரும்பாலும் சுமார் பத்தாண்டு காலத்திற்குப் பிறரிடம் பணம் திரட்டி, பல நிறுவனங்களில் இட்டு, காலம் முடியுமுன் திருப்பித் தரக் கடமைப்பட்டவை. பல நிறுவனங்கள் விழும், ஒன்றிரண்டு மிகப் பெரிதாக எழுந்து எல்லாவற்றையும் ஈடு செய்யும் என்பதே அவர்கள் கணக்கு. ஆகவே, மாதம் இரண்டு இலட்சம் இலாபம் ஈட்டி நாற்பது குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில் உங்களுக்கு நிஃமத். அவர்களுக்கோ அது ஏமாற்றம். இதில் அவர்களைக் குறை கூற ஒன்றுமில்லை. அவர்கள் ஏறியிருப்பது வேறு ஊருக்குச் செல்லும் வண்டி.

அவர்களது ஒப்பந்தத்தில் ஒரு பிரிவை மட்டும் ஈண்டு விளக்குகிறோம், ஏனெனில் கையெழுத்திட்ட இளைஞர் சிலர் அதனைப் படிக்கவே இல்லை. முதலீட்டாளர் 5 கோடி தந்து 20 விழுக்காடு பங்கு பெறுகிறார் என்று வைத்துக் கொள்வோம். நிறுவனம் பிற்பாடு 6 கோடிக்கு விற்கப்படுகிறது. எண்பது விழுக்காடு நமக்கு, ஆக 4 கோடியே 80 இலட்சம் வரும் என்று நிறுவனர் எண்ணுகிறார். ஆனால் ‘லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ்’ என்னும் பிரிவு, முதலீட்டாளர் தாம் இட்ட 5 கோடியை முதலில் எடுத்துக் கொள்ளலாம் என்கிறது. நிறுவனர்களுக்கு எஞ்சுவது ஒரு கோடி. பெயர் பங்கு, நடத்தை பாதி கடன். பங்காளிகளுள் ஒருவரது முதலுக்கு மட்டும் இவ்வாறு காப்பளிப்பது கூட்டு வணிகத்தின் அடிப்படைக்கு முரணானது. இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான நெறிமுறைகளை வகுக்கும், பஹ்ரைனிலுள்ள அயோஃபி அமைப்பும், கலைப்பின்போது முன்னுரிமை தரும் பங்குகளை அனுமதிப்பதில்லை. எனவே கையெழுத்திடும் முன் ஒரு வழக்கறிஞரிடமும், வணிகச் சட்டங்கள் ஓதிய ஓர் ஆலிமிடமும் காட்டுங்கள். இருவரும் வெவ்வேறு பக்கங்களில் விரலை வைப்பார்கள், இரண்டும் பயன்படும்.

முதலீட்டாளர் பணத்தால் வளர்ந்தவர்கள் இல்லையா என்றால், இருக்கின்றனர். சென்னையில் 2010இல் கிரிஷ் மாத்ருபூதம் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், 2011இல் மென்பொருளை வெளியிட்டு வாடிக்கையாளர்களைப் பெற்ற பின்னர் ஆக்செல் நிதியிடம் 10 இலட்சம் டாலர் பெற்றது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. பங்கு வைத்திருந்த ஊழியர்கள் பலர் செல்வந்தர்கள் ஆயினர். ஒரு முறை எழுதிய மென்பொருளை அடுத்த வாடிக்கையாளருக்கு விற்க ஆகும் செலவு மிகக் குறைவு. மீன் அப்படியன்று, ஒவ்வொரு மீனையும் தனித்தனியே வாங்கியாக வேண்டும். முதலீட்டாளர் பணம் எந்தத் தொழிலுக்குப் பொருந்தும் என்பதை இதிலிருந்தே ஓரளவு ஊகிக்கலாம்.

மறுபக்கம், பெங்களூரின் பைஜூஸ். 2011இல் தொடங்கிய கல்வி நிறுவனம். 2022இல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் எனப்பட்டது. 2020, 2021 ஆண்டுகளில் பிற நிறுவனங்களைப் பெருந்தொகைக்கு வாங்கிக் குவித்தது. 2021 நவம்பரில் 120 கோடி டாலர் வட்டிக் கடனும் பெற்றது. 2021 மார்ச்சில் முடிந்த ஆண்டின் கணக்கு 2022 செப்டம்பரில்தான் வெளிவந்தது. நட்டம் 4,588 கோடி ரூபாய். 2023 ஜூனில் தணிக்கையாளர் விலகினார். 2024 ஜூலையில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் தனக்கு வர வேண்டிய 158 கோடி ரூபாய்க்காகத் தொடுத்த வழக்கில், அந்நிறுவனத்தின் மீது திவால் நடவடிக்கை தொடங்கியது. ஒரு காலத்தில் ஒன்றரை இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிடப்பட்டது, 158 கோடி பாக்கியில் நீதிமன்றப் படியேறியது. மதிப்பீடு என்பது பிறர் சொல்லும் விலை. சம்பளம் கொடுக்க அது உதவாது.

நம் தமிழகத்தில் வேரூன்றிய ஸோஹோ இதற்கு நேர்மாறான வழியில் நடந்தது. 1996இல் அட்வெண்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, வலையமைப்புக் கருவிகள் செய்வோருக்கு மென்பொருள் விற்று வந்தது. 2000, 2001 ஆண்டுகளின் வீழ்ச்சியில் அதன் வாடிக்கையாளர்களில் பலர் சரிந்தனர். வெளியார் முதலீடு எதுவும் அதில் இல்லை. ஆகவே ‘மூடு’ என்றோ ‘விற்று விடு’ என்றோ சொல்ல எவருமில்லை. ஈட்டி வைத்திருந்ததைக் கொண்டு புதிய மென்பொருள்களைச் செய்தனர். 2005இல் ஸோஹோ என்ற பெயரில் இணையவழிச் சேவை வந்தது. 2009இல் நிறுவனமே அப்பெயர் பெற்றது. தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்தனர். 2022இல் ஆண்டு வருவாய் 100 கோடி டாலரைக் கடந்ததாக அறிவித்தனர். இருபத்தாறு ஆண்டுகள்! அவசரப்படும் பிள்ளைகள் இந்த எண்ணை மட்டுமாவது குறித்துக் கொள்ளட்டும்.

இனி நம் வீட்டு விஷயம். இதனைச் சற்று விரிவாகவே பேச வேண்டியுள்ளது.

உறவினரிடமும் ஜமாஅத்தாரிடமும் பணம் வாங்கும் இளைஞர்கள், ‘இலட்சத்திற்கு மாதம் 2,000 ரூபாய் தருகிறேன்’ என்கின்றனர். தருபவரும் இலாபம் என்று எண்ணியே வாங்குகிறார். முதலுக்கு உறுதி, மாதந்தோறும் நிலையான தொகை என்றால் அதற்கு எப்பெயர் சூட்டினும் அது வட்டியே. மார்க்கத்தை ஒரு புறம் வைத்துவிட்டுத் தொழிலாகவே பார்த்தாலும், இது புதுத் தொழிலின் கழுத்தில் கட்டிய கல். முதல் ஆண்டில் இலாபம் இராது. மாதத் தொகை எங்கிருந்து வரும்? அடுத்தவர் தரும் முதலிலிருந்து வரும். அவருக்கு அதற்கடுத்தவர் முதலிலிருந்து. ஏமாற்றும் எண்ணம் சிறிதும் இல்லாத பிள்ளையும் ஆறே மாதத்தில் மோசடிக்காரரின் இடத்தில் நின்று விடுவார். பெங்களூரில் ‘ஹலால் முதலீடு’ என்று சொல்லி மாதந்தோறும் பணம் தந்து வந்த ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் சரிந்தபோது, பல்லாயிரம் குடும்பங்கள், பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள், தெருவுக்கு வந்ததை நாம் மறக்கலாகாது. தாடியும் தொப்பியும் தணிக்கை அறிக்கைக்கு ஈடாகா. இக்காரணத்தாலேயே எவருடைய தொழில் முதலீட்டையும் மிம்பரிலிருந்து அறிவிக்க நாம் இசைவதில்லை. கேட்டு மனம் வருந்தியவர்கள் பொறுத்துக் கொள்ளட்டும்.

கிதாபுகள் காட்டும் வழி தெளிவானது. முளாரபாவில் முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது. இலாபத்தை இன்ன விகிதம் என்று முன்பே பேசிக் கொள்ள வேண்டும். இவ்வளவு ரூபாய் என்று பேசினால் ஒப்பந்தமே செல்லாது. நட்டம் வந்தால் முதலிட்டவர் முதலை இழப்பார், உழைத்தவர் உழைப்பை இழப்பார். உழைத்தவர் பேசிய வரம்பை மீறியிருந்தாலோ, அசட்டையாக இருந்திருந்தாலோதான் அவர் ஈடு செய்ய வேண்டும். இருவரும் முதலிட்டுக் கூட்டுச் சேரும்போது இலாபத்தைப் பிரிப்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு; நட்டம் முதலின் விகிதப்படியே என்பதில் வேறுபாடில்லை. இதனைப் பணம் தரும் பெரியவருக்கு வாங்கும் முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள்: ‘மாமா, தொழில் போனால் இப்பணம் திரும்பாது.’ அதைக் கேட்டுவிட்டு அவர் யோசிக்கத் தொடங்கினால் அது நல்லதே. மகளின் திருமணத்திற்கு வைத்த பணம் அவ்விடத்திலேயே தப்பிவிடும்.

நிறுவனர் மாதம் எவ்வளவு எடுப்பார் என்பதிலும் சண்டை வருகிறது. சம்பளமா, இலாபத்தில் முன்பணமா என்று எழுதாமல் விட்டால், அவர் வாங்கும் புதுப் பைக்கை முதலிட்ட மைத்துனர் வேறு கண்ணால் பார்ப்பார். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று நாம் அறிவோம். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். தவணைக் கடனை எழுதி வைப்பதையும், சாட்சிகள் அமர்த்துவதையும் பற்றியது. சிறியதாயினும் பெரியதாயினும் எழுதச் சோம்பக்கூடாது என்பதும் அதிலேயே உள்ளது. ‘உறவுக்குள் எழுத்து எதற்கு’ என்று நாம்தான் பெருந்தன்மை காட்டுகிறோம்.

நாட்டுச் சட்டத்தையும் நினைவில் வையுங்கள். தனியார் நிறுவனம், 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் தனிப்பட்ட முறையில் பங்கு வாங்க அழைக்கலாகாது. மீறினால் அது பொதுமக்களிடம் பங்கு விற்பதாகக் கருதப்படும். ஜமாஅத்தில் ஆளுக்குப் பத்தாயிரம் வீதம் முந்நூறு பேரிடம் திரட்டலாம் என்று திட்டமிடுவோர் முதலில் ஆடிட்டரைப் பார்க்க வேண்டும். திருப்பித் தருவதாகச் சொல்லிப் பொதுமக்களிடம் அனுமதியின்றி வைப்புத் தொகை திரட்டுவதை 2019ஆம் ஆண்டின் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. நோக்கம் நல்லது என்பது அங்கு செல்லாது.

இறுதியாக ஒன்று. சுவரில் ஒட்டச் சொன்ன அந்த எண் மூன்று மாதமாகக் குறைந்ததும், முதலிட்ட அனைவரையும் அழைத்துக் கணக்கைக் காட்டுங்கள். அப்போது சுருக்கலாம், விற்கலாம், கௌரவமாக மூடலாம். ஊழியர் சம்பளமும் சரக்குக் கொடுத்தவர் பாக்கியும் தீர்க்க அந்நேரத்தில் பணம் இருக்கும். எண் பூஜ்யமான பிறகு அழைத்தால் வருபவர்கள் கணக்குப் பார்க்க வரமாட்டார்கள். பங்குதாரர் ஒப்பந்தத்தின் மாதிரி ஒன்று தமிழில் ஆயத்தம் செய்யப்பட்டு ஜமாஅத் அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. இலாப விகிதம், நட்டம், நிறுவனர் ஊதியம், கணக்குக் காட்டும் தேதி, விலகும் முறை ஆகியவற்றிற்கு அதில் இடம் விடப்பட்டிருக்கிறது. அஸர் தொழுகைக்குப் பின் பெற்றுக் கொள்ளலாம். நிரப்பிய பின் கையெழுத்திடும் முன்னர் ஒருமுறை கொண்டு வந்தால் சேர்ந்து படித்துப் பார்ப்போம். வஸ்ஸலாம்.